கயிறு பிடித்தவர்கள்

முனைவர் பட்ட ஆய்வுக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்த தலைப்பு, எழுத்தாளர் லட்சுமியின் நாவல்கள் பற்றியது. நெறியாளர் தாளைத் திருப்பித் தந்தார். "வாரப் பத்திரிகைக் காதல் கதையில என்னம்மா ஆய்வு? நீ கடற்கரைப் பொண்ணு, நெய்தல் திணையை எடு" என்றார். எடுத்தேன். சங்கப் பாடல்களில் கடலைப் பார்த்து ஏங்கும் பெண்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் பட்டமும் வாங்கினேன். தூத்துக்குடியில் என் வீட்டில் காத்திருந்த பெண் என்ன படித்தாள் என்பதை மட்டும் எழுதவில்லை.

அம்மா லட்சுமியைப் படித்தாள். அப்பாவுக்குத் தோணியில் வேலை. போனால் திரும்ப வாரக்கணக்காகும். அந்த நாட்களில் வாடகை நூல் நிலையத்திலிருந்து, அட்டை கிழிந்து கோணி ஊசியால் தைத்த நாவல்கள் வீட்டுக்கு வரும். சோறு கொதிக்கும்போது படிப்பாள். பக்கத்து வீட்டார் வந்தால் முறத்துக்கு அடியில் புத்தகம் போய்விடும்.

அவள் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். தாத்தா முத்துக்குளித்தவர். 1955இல் மீண்டும் தொடங்கிய முத்துக்குளிப்பு இங்கே 1961இல் முடிந்தது. அதற்குப் பிறகு சிப்பிப் படுகைகள் தேறவில்லை. தாத்தா சங்கு குளிக்கப் போனார். வரும்படி குறைந்ததும் முதலில் நின்றது மகளின் படிப்புதான். மகன் தொடர்ந்து படித்தான்.

அந்தக் காலத்துப் பெண்களுக்கு லட்சுமி யார் என்பதை இன்றைய மாணவிகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இயற்பெயர் திரிபுரசுந்தரி. 1921இல் திருச்சி மாவட்டம் தொட்டியத்தில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது உலகப் போர் நெருக்கடி. வீட்டிலிருந்து பணம் வருவது சிரமமாயிற்று. ஆனந்த விகடன் அதிபர் எஸ்.எஸ். வாசனைப் பார்த்து, கதை எழுதித் தருகிறேன், அந்தப் பணத்தில் படித்துக்கொள்கிறேன் என்று கேட்டார். வாசன் இடம் கொடுத்தார். ஒரு பெண் தன் பேனாவால் கல்லூரிச் சம்பளம் கட்டி டாக்டரானார். தென்னாப்பிரிக்கத் தமிழர் ஒருவரை மணந்து அங்கே நெடுங்காலம் வாழ்ந்தார். எழுத்தை விடவில்லை. 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984இல் சாகித்திய அகாதெமி விருது. 1987இல் காலமானார்.

திரைப்படம் அவரை முன்பே தேடி வந்துவிட்டது. 'காஞ்சனையின் கனவு' 1952இல் 'காஞ்சனா' ஆனது. பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த படம், லலிதாவும் பத்மினியும் நடித்தார்கள். 'பெண்மனம்' 1963இல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில், கருணாநிதி வசனத்தில், சிவாஜியும் சரோஜாதேவியும் நடிக்க 'இருவர் உள்ளம்' ஆனது. பல பெண்களோடு திரிந்த பணக்கார இளைஞன் ஒருத்தியை உண்மையாகவே விரும்புகிறான். அவள் மறுக்கிறாள். குடும்ப நெருக்கடி அவளை அவனுக்கே மனைவியாக்குகிறது. மீதிப் படம், அவன் திருந்திவிட்டான் என்று அவள் நம்ப ஆரம்பிப்பது.

தலைப்பு மாறியதை வகுப்பில் மாணவிகளிடம் கவனிக்கச் சொல்வேன். நாவலின் பெயரில் இருப்பது ஒருத்தியின் மனம். திரையில் அது இரண்டில் ஒன்றாகிறது. அம்மா அதைத் தன் பாணியில் சொன்னாள்: "படத்துல சிவாஜிக்காவ அழுதோம்ட்டி. புத்தகத்துலதான் அவளுக்காவ அழுதேன்."

பெண்ணியம் படிக்கத் தொடங்கிய வயதில் இந்தக் கதைகள் மேல் எனக்குக் கோபம் வந்தது. வேண்டாம் என்பவளைச் சரி என்று சொல்லவைக்கத்தான் இத்தனை பக்கமா? அம்மாவிடம் கேட்டேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "சரின்னு சொல்றதுக்கு முன்னால எத்தன பக்கம் வேண்டாம்னு சொல்லுதா, பாத்தியா? என்னை ஒரு வார்த்த கேட்டாவளா?" என்றாள். பதினெட்டு வயதில் அவளுக்குக் கல்யாணம். அன்று என் ஆய்வேட்டில் இல்லாத ஒரு வாசகியைப் பார்த்தேன்.

முத்துக்குளிப்பில் ஒரு வழக்கம் சொல்வார்கள். கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவன் அடியில் இறங்க, படகில் கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும். தங்கச்சி தாலி அறுக்கக் கூடாதே என்று கயிற்றை விடமாட்டானாம். சிறுவயதில் இதைப் பாசக் கதையாகக் கேட்டேன். ஓர் ஆணின் மூச்சுக்குப் பிணையாக ஒரு பெண்ணின் தாலியை வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. படகில் அவள் இல்லை. கயிறு அவள் கழுத்தில் இருந்தது.

நான் பி.ஏ. முடித்ததும் மாமா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை. அப்பாவுக்குச் சம்மதம். தாய்மாமன் சொல்லுக்கு மேல் பேச்சில்லை என்று எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "அவ மேல படிக்கட்டும்ணே" என்றாள். "பணத்துக்கு எங்க போவ?" என்றார் மாமா. "அந்த லட்சுமி கதை எழுதியே டாக்டருக்குப் படிச்சிருக்கா. இவ டியூசன் எடுத்துப் படிப்பா." மாமாவுக்கு எந்த லட்சுமி என்றே தெரியவில்லை. தெருவில் யாரோ என்று நினைத்துக்கொண்டார். நான் எம்.ஏ. சேர்ந்தேன். மாலையில் டியூசன் எடுத்தேன்.

லட்சுமியின் கதைகளை இன்றும் விமர்சனத்தோடுதான் படிக்கிறேன். குடும்பம் கலையாமல் காக்கும் பொறுப்பை அவை பெரும்பாலும் பெண் மேலேயே ஏற்றிவைக்கின்றன. அம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. கதாநாயகி போன வழியை விட்டுவிட்டு, கதை எழுதியவள் போன வழியை அவள் எனக்காக எடுத்துக்கொண்டாள்.

போன மாதம் ஒரு மாணவி வந்தாள். கைபேசியில் காதல் தொடர்கதை எழுதும் இளம்பெண்களைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டுமாம். "இதெல்லாம் ஆய்வான்னு கேப்பாங்களா மேடம்?" என்று தயங்கினாள். கேட்பார்கள் என்றேன். யார் படிக்கிறார்கள், எப்போது படிக்கிறார்கள், யாருக்குத் தெரியாமல் படிக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுது என்று சொல்லிக் கையெழுத்திட்டேன். அம்மா இருந்திருந்தால் முதல் பேட்டிக்கு அவளிடம்தான் அனுப்பியிருப்பேன்.