சப்போரோவில் அம்மாவின் நடை

சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், "சீக்கிரம் வாங்கம்மா" என்று அம்மாவை விரட்டுவது என் வழக்கம். பிப்ரவரியில் ஹொக்கைடோவின் சப்போரோ நகரில் அது தலைகீழானது.

1950ல் பள்ளி மாணவர்கள் 6 பனிச்சிலைகள் செய்து தொடங்கிய விழா, இன்று ஓடோரி பூங்காவை நிறைக்கிறது. சிலைகளைப் பார்த்துவிட்டு, நியான் விளக்குகள் மின்னும் சுசுகினோ கேளிக்கை வட்டாரத்துக்கு விரைந்த நான், உறைந்த நடைபாதையில் வழுக்கி விழுந்தேன். உள்ளூர்க்காரர்களைப் பார்த்து, பாதத்தை முழுவதும் பதித்துச் சிற்றடி வைத்து வந்த அம்மாதான் கைகொடுத்துத் தூக்கினார்.

அன்றிரவு, சப்போரோவில் பிறந்த சூப் கறியைச் சுவைத்த அம்மா, "ரசத்துக்கும் குருமாவுக்கும் நடுவுல இருக்கு" என்றார். ஹோட்டல்வரை அவர் கையைப் பிடித்து, அவர் வேகத்திலேயே நடந்தேன்.

ஊர் திரும்பியும் அப்படியே நடக்கிறேன். ஒரு ரயிலை விட்டால் அடுத்தது வரும்.