கரையோரத்து வீடுகளில் முதலில் கேளுங்கள்

ஏரியைச் சுத்தம் செய்யப் போகிறோம், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள் என்று இளைஞர்கள் கூப்பிட்டால், நான் முதலில் ஒன்று கேட்பேன்: அள்ளுகிற குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்? பையன்கள் முகம் சுருங்கும். கிழவன் நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறான் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். இந்தக் கரையில் அள்ளியதை அந்தக் கரையில் கொட்டிவிட்டு, பேனரோடு படம் எடுத்துக்கொண்டு போன கூட்டத்தையும் பார்த்தவன் நான்.

எங்கள் பாகலூர், ஓசூரிலிருந்து மாலூர் போகிற சாலையில் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் கர்நாடகம். ஒரே தெருவில் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் புழங்கும். ஒரு பக்கம் ரோஜாவும் முட்டைக்கோஸும் தக்காளியும் விளைகிற நிலம். இன்னொரு பக்கம் கம்பெனிக்கு ஷிஃப்ட் போகிறவர்கள் தங்கும் லைன் வீடுகள். வாய்க்காலில் கிடப்பதும் அதே கலவைதான். மண்வெட்டியைப் போட்டு இழுத்தால் முதலில் மாட்டுவது, செடிக்கு அடியில் மண்ணை மூடுகிற பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட். மேலே வெள்ளி, அடியில் கறுப்பு. மட்கிப் போனதுபோல் கிடக்கும், மட்காது. பிடித்து இழுத்தால் கையில் ஒரு முழம் கிழிந்து வரும். மிச்சம் சேற்றுக்குள்ளேயே இருந்துகொள்ளும். குனிந்து, விரலால் துழாவி, துண்டு துண்டாகத்தான் எடுக்கவேண்டும். அதற்கும் அடியில் சொட்டுநீர்க் குழாய்கள், ரோஜா மொட்டுக்கு மாட்டுகிற வலைத் தொப்பிகள், விலை விழுந்த அன்று கொட்டிவிட்டுப் போன தக்காளியின் நாற்றம். சிப்ஸ் கவரும் குவார்ட்டர் பாட்டிலும் எல்லா ஊரிலும் உண்டு. அவற்றைத் தனியாகச் சொல்லவேண்டாம்.

யார் போட்டது என்று கேட்டால், "எல்லாம் அந்த வடக்கத்திப் பசங்க வேலைங்க" என்று தயாராக ஒரு பதில் வரும். ஒடிசாவிலிருந்து வந்த பையன் மல்ச்சிங் ஷீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அது நம் தோட்டத்திலிருந்து வந்தது. அவன் பங்கும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பத்து ரூம் கட்டி மாதம் தவறாமல் வாடகை வாங்குகிறவர் வாசலில் ஒரு ட்ரம்கூட வைக்கவில்லை என்றால், அவன் சாப்பிட்ட பொட்டலத்தைப் பாக்கெட்டிலா வைத்துக்கொள்வான்?

இதை நான் போய்ச் சொன்னால் சண்டைதான் வரும். அதனால் அந்த வீட்டுக்காரருக்கு மருமகன் முறையாகும் பையனை அனுப்பினோம். "ஏன் மாமா, ஊரே வாய்க்கால்ல இறங்கி நிக்குது, நீங்க ரெண்டு ட்ரம் வைக்கக் கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். மாமா முனகினார், வைத்தார். அதற்கு அடுத்த வாரம் அந்த லைன் வீட்டுப் பையன்கள் நாலைந்து பேர், யாரும் கூப்பிடாமலே வந்து சட்டி தூக்கினார்கள். ஊர் வேலையில் பாதி, இப்படி யார் யாருக்கு என்ன முறை என்று தெரிந்து வைத்திருப்பதுதான்.

பெங்களூரில் 2010இல் 'தி அக்லி இண்டியன்' என்ற பெயரில் சிலர் தெருமுனைக் குப்பைமேடுகளைச் சரிசெய்யத் தொடங்கினார்கள். பெயர் சொல்லமாட்டார்கள், முகம் காட்டமாட்டார்கள். வேலை நடக்கட்டும், வாய் மூடியிருக்கட்டும் என்பது அவர்கள் கொள்கை. குப்பை கொட்டுகிறவனோடு மல்லுக்கு நிற்காமல், கொட்டிய இடத்தில் பூந்தொட்டி வைத்தார்கள். எச்சில் துப்புகிற சுவருக்கு அடிப்பக்கம் செங்காவி நிறம் அடித்தார்கள். பேனர் இல்லாத அந்தப் பழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. இன்னும் பக்கத்தில், சர்ஜாபூர் சாலையில் கைகொண்டரஹள்ளி ஏரி. அங்கே சுற்றுவட்டாரக் குடியிருப்புக்காரர்கள் மாநகராட்சியோடு சேர்ந்து நின்று ஏரியை மீட்டார்கள். நடைபாதை போட்டதைவிட, மாட்டுக்குப் புல் அறுக்க வருகிறவர்களுக்கும் பிள்ளையார் கரைக்க வருகிறவர்களுக்கும் அங்கே இடம் வைத்ததையே நான் பெரிதாக நினைக்கிறேன். கம்பிவேலி போட்டு, வாக்கிங் போகிறவர்களுக்கு மட்டும் கதவு திறக்கிற ஏரியை ஊர்ப் பொது என்று எப்படிச் சொல்வது?

இங்கே என் வயதுக்காரர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அந்தக் காலத்தில் குடிமராமத்து என்று ஊரே ஒன்றாகக் கூடித் தூர் வாரியது என்று உருகுவார்கள். வாரியது உண்மை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரிக்கென்றே ஒரு வாரியம் பத்தாம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. ஆனால் 1858இல் வெள்ளைக்காரன் இந்த வேலைக்காகக் கட்டாய உழைப்புச் சட்டமே போடவேண்டியிருந்தது. எல்லோரும் மனமுவந்து வந்திருந்தால் சட்டம் எதற்கு? மதகு திறந்து, நீர் பங்கிட்டு, ராத்திரி கரையைக் காத்தவர் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்த நீர்க்கட்டிதான். பாசனத்தில் அவருக்கு நிலம் இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை. 2017இல் அரசு குடிமராமத்தை மறுபடி தொடங்கியபோதும், மண்வெட்டி யார் கையில், நோட்டுப் புத்தகம் யார் கையில் என்றுதான் பார்த்தேன். இன்றைக்கும் நாம் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு நாள் அள்ளுவதைத் தூய்மைப் பணியாளர் தினமும் அள்ளுகிறார். அவருக்குக் கையுறை கிடைத்ததா என்று விசாரிப்பதும் தன்னார்வ வேலையில் சேர்த்திதான். கழிவுநீர் கலந்த வாய்க்கால் என்றால் யாரையும் இறக்காதீர்கள்; இயந்திரம் வரட்டும்.

எவ்வளவு பேர் கூடினாலும் மண்வெட்டிக்கு எட்டாத அழுக்கும் இருக்கிறது. நந்தி மலைப் பக்கம் பிறக்கிற தென்பெண்ணை, கொடியாளம் அருகே நம் எல்லைக்குள் நுழைந்து கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. வரும் வழியில், 2017இல் தீப்பிடித்து எரிந்த பெல்லந்தூர் ஏரியின் கழிவு, வர்த்தூர் ஏரி வழியாக இதில் கலக்கிறது. அணை மதகைத் திறந்தால் ஆள் உயரத்துக்கு நுரை எழும்பி, காற்றில் பறந்து வயலில் விழுகிறது. அதே பெல்லந்தூருக்காகக் குடியிருப்பு மக்களும் வழக்காடினார்கள். 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கரையில் சட்டி தூக்குகிற பையன்களிடம் நான் இதையும் சொல்வதுண்டு: நுரை வருகிற நாளில் தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள், பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், மனு எழுதுங்கள். அந்தப் பக்கத்து அதிகாரிக்குப் புரியும்படி கன்னடத்தில் எழுதித்தர எங்கள் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.