கடன்படாமல் ஒரு கணினி

“பையன் படிக்கவும் சற்று விளையாடவும் கணினி கேட்கிறான், கடன் வாங்கலாமா, சாமி?” என்று முகத்துவாரக்குப்பத்துப் பெற்றோர் சிலர் நம்மை வினவுகின்றனர். வலைக்கு வாங்கிய கடனே தீராத வீட்டில் இன்னொரு வட்டி வேண்டாம் என்போம்.

சென்னை ரிச்சி தெருவில், அலுவலகங்கள் கழித்த மேசைக் கணினிகள் மலிவாய்க் கிடைக்கின்றன. செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் வாங்கும் நம் மக்கள் பெட்டியின் மினுமினுப்பில் மயங்குவானேன்? செயலி எத்தனையாம் தலைமுறை என்று கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறையேனும் வேண்டும். பழைய ‘ஐ7’-ஐவிட எட்டாம் தலைமுறை ‘ஐ3’ நமக்கு உகந்தது.

தனி வரைகலை அட்டை தேவையில்லை. நினைவகத்தை இரண்டு தகடுகளாகப் பொருத்தினால் எளிய விளையாட்டுகள் தடையின்றி ஓடும். கடலோரச் சன்னலருகே மட்டும் வைக்காதீர். உப்புக்காற்று மின்பலகையையும் அரிக்கும்.