நிற்காத சூடு

சென்னையில் மீன் தொட்டிக்கு ஹீட்டர் போட்டிருக்கிறேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். “நாமளே வெந்துக்கிட்டு இருக்கோம், மீனுக்கு வெந்நீரா மாமா?” என்று மனைவியின் தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் வீட்டில் இருப்பது டிஸ்கஸ். அமேசான் படுகையின் வெதுவெதுப்பான நீரில் பிறந்த வம்சம். 28 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் கையில் வந்து தீனி எடுக்கும். 25-க்குக் கீழே போனால் நிறம் கறுத்து, வடிகட்டிக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ளும். தொட்டியோ படுக்கையறையில். இரவெல்லாம் ஏசி 24-ல் ஓடுகிறது. அறையைக் குளிர்விக்க ஒரு மின்சாரம், அந்தக் குளிரிலிருந்து மீனைக் காக்க இன்னொரு மின்சாரம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்த அபத்தத்துக்குப் பில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஹீட்டர் என்பது பெரிய சமாசாரம் இல்லை. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு நிக்ரோம் கம்பிச் சுருள். அதற்கு மேலே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. சூட்டில் ஒரு உலோகம் அதிகமாக நீளும், மற்றது குறைவாக நீளும்; பட்டை வளையும், மின்தொடர்பு விடுபடும். ஆறினால் மறுபடி நிமிர்ந்து தொடும். தொடும்போதும் விடும்போதும் அந்த முனையில் ஒரு சின்னப் பொறி. பல்லாயிரம் பொறிகளுக்குப் பிறகு முனை கருகிப்போகலாம், அல்லது உருகி ஒட்டிக்கொள்ளலாம். கருகினால் சூடு வராது. ஒட்டிக்கொண்டால் சூடு நிற்காது.

முதல் வகைக் கோளாறு நம் ஊரில் ஒரு பொருட்டே இல்லை. ஏசி இல்லாத கூடத்தில் தொட்டி வைத்திருப்பவர்களின் ஹீட்டர் சித்திரையிலேயே போயிருக்கும்; மார்கழியில் மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி கிளம்பும்போதுதான் தெரியவரும். பயப்பட வேண்டியது இரண்டாவது வகைக்கு. 100 லிட்டர் தண்ணீரில் 200 வாட் ஹீட்டர் விடாமல் எரிந்தால் ஏறக்குறைய 35 நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். சூடு ஏற ஏற வெளியே இழப்பும் கூடுவதால் போகப்போக வேகம் குறையும். ஆனாலும் ஓர் இரவு போதும்.

எங்கள் வீட்டில் அப்படி ஒட்டிக்கொண்டது ஒரு நாள் விடியற்காலையில் தெரிந்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கண்ணாடியைத் தொட்டால் இளஞ்சூடு. தெர்மாமீட்டர் 34 காட்டியது. கோல்ட்ஃபிஷ் தொட்டியாக இருந்திருந்தால் அந்தக் காலை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

முதல் வேலை சுவரில் பிளக்கைப் பிடுங்குவது. கை தண்ணீருக்குள் போவது அதற்குப் பிறகுதான். ஹீட்டரை உடனே வெளியே உருவவும் கூடாது; சூடான கண்ணாடி காற்றுப் பட்டதும் விரிசல் விடலாம். அடுத்தது, நம் புத்தி போகிற பக்கம் போகாமல் இருப்பது. என் மாமியார் ஃப்ரீசரிலிருந்து ஐஸ் தட்டோடு வந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, சூடு என்றால் ஐஸ்தானே? ஆனால் மீன் அந்த நேரத்தில் திணறுவது சூட்டால் மட்டுமல்ல, மூச்சுக்காகவும்தான். 28 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 34-ல் அது 7-க்கு வந்துவிடும். அதே சூட்டில் மீனின் உடம்போ கூடுதலாகக் கேட்கும். வரவு குறைந்து செலவு ஏறுகிறது. அதனால் ஐஸைத் திருப்பி அனுப்பிவிட்டு, இருந்த இரண்டு ஏர் ஸ்டோனையும் உள்ளே விட்டு, மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பைப் பார்த்துத் திருப்பிவைத்தோம்.

ஃபேனைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போனால் மீதியிருக்கும் 100 லிட்டரிலிருந்து கிட்டத்தட்ட ஆறு டிகிரிச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும் (கணக்குப்படி, நடைமுறையில் அறைக்காற்று கொஞ்சம் திருப்பிக் கொடுத்துவிடும்). மண்பானைத் தண்ணீர் குளிர்வது இதே கணக்கில்தான். மதுரை, திருச்சி வெயிலில் ஃபேன் நன்றாக வேலை செய்யும். கடற்காற்றின் ஈரம் பிசுபிசுக்கும் சென்னையில் அவ்வளவு எடுபடாது. எங்களுக்கு ஏசி அறை என்பதால் தப்பித்தோம். தண்ணீர் மாற்றலாமே என்பார்கள். விடியற்காலையில் சரி. வைகாசி மதியம் மொட்டை மாடி சின்டெக்ஸிலிருந்து வரும் தண்ணீரைக் குழாயடியில் தொட்டுப் பார்த்தவர் யாரும் அதைச் சொல்ல மாட்டார்.

காலை முழுவதும் மெல்ல மெல்ல இறங்கி, மத்தியானத்துக்கு மேல் 30-க்கு வந்தது. அன்று தீனி போடவில்லை. மீன் ஒன்றும் சாகவில்லை.

புது ஹீட்டருக்குக் கொளத்தூர் போனேன். இன்னும் உசத்தியாக, இன்னும் பெரிதாக ஒன்று வாங்கிவிட வேண்டும் என்பது என் திட்டம். கடைக்காரர் தலையை ஆட்டினார். “அண்ணே, ஒரே எரநூறு வேணாம். நூறு நூறா ரெண்டு எடுத்துக்கோங்க. ஒண்ணு ஒட்டிக்கிட்டாலும் தண்ணி தாங்கும். ஒண்ணு செத்துட்டாலும் இன்னொண்ணு ராத்திரியை ஓட்டிடும்.” வியாபாரத்துக்காகச் சொன்ன பேச்சாகவே இருக்கட்டும், கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது. விளம்பர அட்டைகள் எல்லாம் கருவி நன்றாக ஓடும்போது எப்படி இருக்கும் என்பதையே சொல்கின்றன. கெட்டுப்போனால் என்ன செய்யும் என்று எந்த அட்டையிலும் போட்டிருப்பதில்லை. 100 வாட் கெட்டுப்போனால் அதனால் செய்ய முடிந்த கேடு பாதிதான். அதன் பலவீனத்தைத்தான் காசு கொடுத்து வாங்கினேன். தனியாக ஒரு கன்ட்ரோலரும் மாட்டியிருக்கிறேன்: கன்ட்ரோலரில் 29, ஹீட்டர்களின் திருகில் 31. கன்ட்ரோலரின் ரிலேயும் ஒட்டிக்கொள்ளக்கூடியதுதான். இரண்டும் ஒரே இரவில் ஒட்டாது என்பது நம்பிக்கை.

கரண்ட் போனால் கதை தலைகீழ். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது ஹீட்டரை இன்வெர்ட்டரில் சொருகியவர்களின் பேட்டரி சீக்கிரமே தீர்ந்திருக்கும். வீடுகளில் இருக்கும் 150 ஏஎச் பேட்டரி, பேப்பர் கணக்கில்கூட 200 வாட்டை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 5 வாட் ஏர் பம்பையோ நாள்கணக்கில் ஓட்டும். தொட்டியைச் சுற்றிப் போர்வை கட்டினால் சூடு மெதுவாகத்தான் இறங்கும். அடுப்பில் கேஸ் இருந்தால், பாட்டிலில் வெந்நீர் அடைத்து மிதக்கவிடலாம். மூச்சுக்கு அப்படி எந்த மாற்றும் கிடையாது, மணிக்கணக்கில் மக்கால் மொண்டு மொண்டு ஊற்றுவதைத் தவிர.

கரண்ட் வந்த சந்தோஷத்தில் கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே ஓடவிட்டுவிடக் கூடாது. பல மணி நேரம் மூடிக் கிடந்ததில் உள்ளே இருந்த நல்ல பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் செத்து அழுகியிருக்கும். சுவிட்சைப் போட்டால் அந்த விஷம் நேராகத் தொட்டிக்குப் போகும். திறந்து, முழுசாகக் கொட்டி, தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் பிறகு மாட்ட வேண்டும். கொட்டும் தண்ணீர் அழுகிய முட்டை மாதிரி நாறும். மாடியில் இருக்கும் செம்பருத்திக்கு அது ரொம்பப் பிடிக்கும்.