கடல் கடந்து வந்த துணை

நம் நூல்களைக் காக்க அயல்நாட்டார் பொருள் தருதல் நமக்கு இழுக்கென்று கூறுவாருளர். அன்னாருக்கு யான் காட்டும் விடை, கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களின் நூற்றொகுதியே.

பெயர்ப்பலகை எழுதும் தொழிலினரான அப்பெரியார், நூல்களும் இதழ்களும் துண்டுத்தாள்களுமாக ஏறத்தாழ 1,00,000 அச்சுப் பொருள்களைத் தேடித் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்தார். 1994-இல் அமெரிக்காவின் சிகாகோ சர்வகலாசாலையார் அத்தொகுதியை விலைக்கு வாங்கினர். வாங்கியும் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றாரல்லர். சென்னையிலேயே நூலகம் அமைந்தது; தாள்கள் நொறுங்குமுன் அவற்றை நுண்படச் சுருளில் பதிக்கும் பணியும் நடைபெற்றது. பொருள் அங்கிருந்து வந்தது. புத்தகம் இங்கேயே நின்றது. உதவியின் பண்பு இதுவன்றோ?

ஆயினும், முத்தையா சேர்த்து வையாவிடின் சிகாகோவார் காப்பதற்கு யாதுளது? சேலம் நாமக்கல் வட்டாரத்தவனாகிய என் கவலை இதுவே. 1930களில் சேலத்தில் தோன்றிய மாடர்ன் தியேட்டர்ஸாரின் படப் பாட்டுப் புத்தகங்கள், திருவிழாக் கடைகளில் விற்ற சிறு நூல்கள் முதலியன நம் வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கக்கூடும். பழந்தாள் வியாபாரியின் தராசிற்கு அவை யாவும் ஒரே சரக்கு.

மாணவ நண்பர்களே, விடுமுறையில் ஊர் சென்றால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை கட்டைப் பிரித்துப் பாருங்கள். வீட்டார் காத்ததற்கே வெளியார் துணை வரும்.