தேடி வருபவருக்கு ஒரு முகம்

படம் எடுக்கப் போகிறோம், என்ன உடுப்பது, முகத்துக்கு என்ன பூசுவது என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். திருகோணமலை நகரத்து ஸ்ரூடியோ ஒன்றில் கமெராவுக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவன் நான். என்னிடம் கேட்பது நியாயம்தான். ஆனால் உடுப்புக்கும் பவுடருக்கும் வருமுன் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: இந்தப் படத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

துறைமுகப் பட்டினம் என்றபடியால் எங்களிடம் வந்தவர்களில் பாதிப்பேர் எங்கேயோ போக இருந்தவர்கள். கப்பலுக்குப் போகிற பொடியன், மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிற கிண்ணியா, மூதூர்ப் பெண்கள், துறைமுக அதிகார சபைக்கோ சீனக்குடா மாவு ஆலைக்கோ விண்ணப்பம் போடுகிறவர்கள், கனடாவிலிருந்து கேட்ட சம்பந்தத்துக்குப் படம் அனுப்பப் பிள்ளையைக் கூட்டிவருகிற தாய்மார். ஒவ்வொரு படத்தையும் எங்கேயோ ஒருவர் கையில் வைத்துப் பார்ப்பார். அவருக்கு இந்த முகம் புதிது. ஆனாலும் வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: “ஐயா, கொஞ்சம் வெள்ளையா, வடிவா எடுத்துத் தாங்கோ.”

வடிவாக எடுக்க ஆசைப்பட்டு ஆளைத் தொலைத்த கதைகளில் நான் அடிக்கடி சொல்வது எங்கள் நாட்டில் நடந்த ஒன்று. ஜூலியா மார்கரெட் கமரன், படக்கலையின் முதல் தலைமுறையில் உலகம் மதித்த ஆங்கிலப் பெண்மணி. 1875 இல் இலங்கைக்கு வந்தார், 1879 இல் இங்கேயே காலமானார். 1877 இல் களுத்துறையில் இருந்த அவர் வீட்டுக்கு மரியன் நோர்த் விருந்தாளியாக வந்தார். நோர்த் ஊர் ஊராகப் போய்ச் செடிகொடிகளை வரைந்த ஓவியர். அவரைப் படம் எடுக்க விரும்பிய கமரன், காஷ்மீரக் கம்பளித் துணியை உடம்பெல்லாம் சுற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலைகள் தலையில் குத்தும்படி நிற்கவைத்தார். அதன்பிறகு இயல்பாக இருக்கச் சொன்னார். அன்றைய வெப்பம் 96 பாகை பரனைற். நோர்த் இதைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் சிரிப்போடு எழுதிவைத்திருக்கிறார். கமரனின் கலையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் புழுக்கத்தில் கம்பளியைப் போர்த்திவிட்டு ஒருவரிடம் இயல்பைக் கேட்டால் அவர் எங்கே போவார்?

எங்கள் ஸ்ரூடியோவிலும் ஒரு கம்பளி இருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய கறுப்புக் கோட்டையும், முடிச்சு அவிழ்க்காத ரையையும் சொல்கிறேன். மெலிந்தவருக்கு அந்தக் கோட்டை முதுகுப்பக்கம் இழுத்துக் கிளிப் போடுவோம். படத்தில் முன்பக்கம் மட்டும்தானே தெரியும். திருக்கடலூர் மீனவர் ஒருவர் அதைப் போட்டதும் தோள் மேலே ஏறும், கழுத்து உள்ளே போகும், நீதவானுக்கு முன் நிற்பவர்போல விழிப்பார். கோட்டைக் கழற்றச் சொல்லி, அவருடைய சொந்தச் சேர்ட்டோடு இருத்தி, “கச்சான் எப்படி அடிக்குது, தொழிலுக்குப் போகலாமோ?” என்று கேட்டால் போதும். கடலைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் முகம் தன் இடத்துக்கு வந்துவிடும். நான் படம் எடுத்தது அந்த நேரத்தில்தான்.

ஆகவே உடுப்பைப் பற்றி என் முதல் பேச்சு: முன்பே உடுத்துப் பழகிய உடுப்பில் வாருங்கள். புதிதாகத்தான் வேண்டுமென்றால் ஒருநாள் வீட்டில் போட்டுத் திரிந்துவிட்டு வாருங்கள். கழுத்துப் பட்டி இறுக்கமா, பிளவுஸ் கை உயர்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். மெல்லிய கோடும் சிறு கட்டமும் போட்ட துணி டிஜிட்டல் கமெராவில் அலையலையாக நெளியும். அதை விட்டுவிடுங்கள். அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் பின்னணி வெளிர்நிறமாக இருக்கும், வெள்ளை உடுத்தால் தோள் அதற்குள் கரைந்துபோகும். கொஞ்சம் அடர்ந்த, ஒரே நிறத் துணி நல்லது.

இனி நிறம். எங்கள் மண்ணிறத் தோலுக்குக் கமெரா நெடுங்காலம் நியாயம் செய்யவில்லை. பழைய படச்சுருள்களில் ஒரு வகைக்குச் சிவப்பே தெரியாது. குங்குமம் கறுப்பாய் விழும், மண்ணிற முகம் இன்னும் இருளும். வர்ணம் வந்தபிறகும், அச்சுக்கூடங்கள் நிறம் சரிபார்ப்பதற்காகக் கோடாக் அனுப்பிய அட்டையில் பல காலம் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் முகமே இருந்தது. ஷேர்லி அட்டை என்பார்கள். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். குறை கருவியில் இருந்தது. எங்கள் சனமோ அதைத் தங்கள் தோலில் தேடிப் பவுடரை அப்பிக்கொண்டு வந்தது. பவுடர் அப்பிய முகம் பிளாஷ் வெளிச்சத்தில் சாம்பல் பூத்து நிற்கும், கழுத்தும் கையும் வேறொருவருடையவையாகத் தெரியும். இப்போதைய சன்கிறீம்களிலும் ரைற்றேனியம் டயொக்சைட், சிங்க் ஒக்சைட் போன்றவை உள்ளன. அவையும் பிளாஷுக்கு வெள்ளையடித்துக் காட்டும். மண்ணிற முகத்துக்கு வேண்டியது வெளிச்சம். பக்கத்திலிருந்து மென்மையாக விழும் வெளிச்சத்தில் அந்தத் தோலுக்கு இருக்கும் வடிவு எந்தப் பூச்சிலும் வராது. பூசித்தான் ஆகவேண்டும் என்றால் உங்கள் நிறத்திலேயே, கொஞ்சமாக, கழுத்துவரை பூசுங்கள்.

படம் எடுத்தபின் திருத்துவதும் புதிதல்ல. நெகற்றிவ்வில் முகச்சுருக்கம் விழுந்த இடம் மெலிந்து தெளிவாயிருக்கும். அதன்மேல் கூரிய பென்சிலால் மெல்லத் தீட்டினால் அச்சில் நிழல் வெளுத்துவிடும். இன்று கைத்தொலைபேசி கண்மூடித் திறப்பதற்குள் செய்வதை நாங்கள் விளக்கொளியில் குனிந்திருந்து செய்தோம். அதற்கு நான் வைத்திருந்த விதி ஒன்று: அடுத்த கிழமை ஆறிவிடும் பருவை அழிப்பேன், சாகும்வரை கூட வரும் தழும்பைத் தொடமாட்டேன். சம்பந்தம் பேச அனுப்பும் படத்தில் இது மிக முக்கியம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும் மாப்பிள்ளை படத்தில் பார்த்த பிள்ளையைத் தேடிக்கொண்டு நிற்க, பிள்ளை அவருக்கு முன்னாலேயே நிற்கும்படி ஆகக்கூடாது.

இந்த விதியின் பெறுமதியை எங்கள் ஊருக்கு நன்றாகக் கற்பித்தது அடையாள அட்டை. 1972 இல் வழங்கத் தொடங்கிய பழைய அட்டைக்குக் காலாவதித் திகதி இல்லை. பள்ளிக்கூடப் பருவத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தோடுதான் ஒருவர் கிழவராகும்வரை போனார். யுத்த காலத்தில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி, அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த சாவடிகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ இருந்தன. அந்த இடத்தில் வடிவு ஒன்றுக்கும் உதவவில்லை. அட்டையில் இருப்பவர் நான்தான் என்று அந்நியர் ஒருவர் நம்பவேண்டும், அவ்வளவுதான். மீசை வைத்தவர், மெலிந்தவர், மொட்டையடித்தவர் எல்லோரும் அந்த ஒரு பார்வைக்காக மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

2004 டிசம்பர் 26 வேறொரு பாடத்தைக் கொண்டுவந்தது. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் கடல் வீடுகளோடு அல்பங்களையும் கொண்டுபோனது. பிறகு சனங்கள் ஸ்ரூடியோக்களுக்கு வந்து பழைய நெகற்றிவ் இருக்கிறதா என்று கேட்டார்கள். சிலர் உப்பு ஊறிய அட்டையைக் கொண்டுவந்து, மாலை போடுவதற்கு அந்த முத்திரையளவு முகத்தைப் பெருப்பித்துத் தரச் சொன்னார்கள். விண்ணப்பத்துக்கென்று அவசரமாக எடுத்த படமே அந்த ஆளின் ஒரே படமாக மிஞ்சியிருந்தது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கி வடக்குக் கிழக்கெங்கும் பரவிய போராட்டத்தில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களைத் தாய்மார் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தெருவில் இருந்தார்கள். அவற்றில் பல, நேரே பார்க்கும் கண்ணும் மூடிய வாயுமாக, ஸ்ரூடியோவில் அலுவலுக்காக எடுத்தவை என்பது தொழில்காரனுக்குப் பார்த்தவுடன் தெரியும். எந்தப் படம் எந்த வேலைக்குப் போய்ச் சேரும் என்று எடுக்கும் நேரத்தில் யாருக்கும் தெரிவதில்லை. அதனால்தான் ஐந்து நிமிடத்து அட்டைப் படத்துக்கும் முகம் கழுவி, தலை வாரி, நிதானமாக இருங்கள் என்கிறேன்.

2015 முதல் கடவுச்சீட்டுக்கும் 2017 முதல் அடையாள அட்டைக்கும் படத்தைப் பதிவுபெற்ற ஸ்ரூடியோவில்தான் எடுக்கவேண்டும். அங்கிருந்தே அது கணினி வழியாகத் திணைக்களத்துக்குப் போய்விடும். சர்வதேச அளவுகோலும் வந்துவிட்டது: சிரிப்பு ஆகாது, வாய் மூடியிருக்கவேண்டும், முகத்தில் நிழல் விழக்கூடாது. சாதாரண தரப் பரீட்சைக்கு அட்டை எடுக்க வரும் பிள்ளைகள் இதைக் கேட்டதும் முகத்தைக் கல்லாக்கிவிடுகிறார்கள். சிரிக்கவேண்டாம் என்றால் கோபப்படவேண்டும் என்று பொருளில்லை. கண்ணை மூடி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, மெல்லக் கண்ணைத் திறவுங்கள். நெற்றிச் சுருக்கமும் தாடை இறுக்கமும் அந்த மூச்சோடு போய்விடும்.

மற்ற ஆயத்தங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடி வெட்டுவதானால் ஒரு கிழமைக்கு முன் வெட்டுங்கள், அன்று காலையில் வெட்டிய தலை அந்நியமாக இருக்கும். புதிய முகக்கிறீமை முதல்நாள் பூசிப் பரிசோதிக்காதீர்கள், காலையில் முகம் சிவந்து தடித்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. தேங்காயெண்ணெய் தலைக்கு முதல்நாளே போதும், நெற்றிக்கு இறங்கினால் வெளிச்சம் அதிலேயே குந்திக்கொள்ளும். இரவு நன்றாக நித்திரை கொள்ளுங்கள், கண்ணின் வீக்கத்தை எந்தப் பென்சிலாலும் முழுதாக எடுக்கமுடியாது. ஆடி வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்து ஹெல்மெற்றைக் கழற்றியதும் கமெராவுக்கு முன் குந்தாதீர்கள். மின்விசிறிக்குக் கீழே கொஞ்சநேரம் இருந்து வேர்வை ஆறட்டும். மூக்குக்கண்ணாடி வழக்கமாகப் போடுபவர் வீட்டுக்கு எடுக்கும் படத்தில் அதைப் போட்டே இருக்கவேண்டும். காதுப்பக்கத்தைச் சற்று உயர்த்தினால் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காது. அட்டைப் படத்துக்கு மட்டும் ஸ்ரூடியோக்காரர் சொல்வதைக் கேளுங்கள். தோளைச் சற்றுத் திருப்பி, நாடியைக் கொஞ்சம் முன்னே நீட்டி இறக்குங்கள், கழுத்து நீண்டு தெரியும்.

வீட்டிலேயே செல்பி எடுத்து அனுப்பலாமே என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. ஓரடித் தூரத்தில் எடுக்கும் செல்பியில், ஐந்தடித் தூரத்தில் எடுப்பதைவிட மூக்கு ஏறத்தாழ 30 வீதம் அகலமாகத் தெரியும் என்று 2018 இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. செல்பியைப் பார்த்து மூக்கை நொந்துகொண்ட பிள்ளைகளே, குற்றம் உங்கள் கையின் நீளத்தில்.

இத்தனையும் செய்தபின்னும் படத்தைக் கையில் வாங்கியதும் முகம் சுளிப்பீர்கள். சுளிக்காதவரை நான் கண்டதில்லை. இதற்கும் காரணம் இருக்கிறது. 1977 இல் மீற்றா, டேர்மர், நைற் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் பெண்கள் சிலரின் படங்களை இரண்டு விதமாக அச்சிட்டார்கள். ஒன்று உள்ளபடி. மற்றது முகம்பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றி. படத்துக்குரியவர்கள் பெரும்பாலும் கண்ணாடி முகத்தையே விரும்பினார்கள். அவர்களுடைய சிநேகிதர்களோ உள்ளபடியான முகத்தை விரும்பினார்கள். தினமும் பார்த்துப் பழகிய முகமே அவரவருக்குப் பிடிக்கிறது. உங்களுக்கு நீங்கள் பழகியிருப்பது கண்ணாடியில் திரும்பித் தெரியும் முகம். மற்றவர்களுக்கு அப்படியில்லை.

அதனால் படம் சரியா பிழையா என்ற தீர்ப்பை உங்களிடம் விடமாட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம், அம்மம்மாவிடம், கூடப்பிறந்ததிடம் காட்டுங்கள். “ஆர் இது?” என்று கேட்டால் திரும்ப வாருங்கள், காசில்லாமல் மறுபடி எடுத்துத் தருகிறோம். பார்த்தவுடன் “நீதான்” என்றால் இன்னும் இரண்டு பிரதி எடுத்து, பின்பக்கம் திகதி எழுதி, ஒன்றை வீட்டிலும் மற்றதை வேறோர் ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடமும் கொடுத்துவையுங்கள்.