சக்கரமா, காலா?

ஜூன் விடுமுறையில் மகளும் நானும் சிறிய ரோபோ ஒன்றைச் செய்யத் தொடங்கினோம். முழங்கால் வலியால் சிரமப்படும் என் அம்மாவின் அறைக்கு மருந்துப் பெட்டியைக் கொண்டுபோவதுதான் அதன் வேலை.

மகளுக்கு ஆறு கால் ரோபோமீது ஆசை. காலுக்கு 3 வீதம் 18 சர்வோ மோட்டார்கள் வேண்டும். சும்மா நின்றாலும் உடல் பாரத்தைத் தாங்குவதிலேயே பேட்டரி தீரும். டாங்கியில் இருப்பதுபோன்ற பட்டைச் சக்கரம் மணல், மேடு பள்ளத்துக்கு நல்லது. ஆனால் திரும்பும்போது தரையைத் தேய்க்கும். எங்கள் வீவக வீட்டில் இருப்பது வழவழப்பான டைல்ஸ் தரை. அதற்கு இரண்டு மோட்டார், இரண்டு சக்கரம், பின்னால் ஓர் உருள்குண்டு போதும். ஒரு சக்கரம் முன்னாலும் மற்றது பின்னாலும் சுழன்றால் நின்ற இடத்திலேயே திரும்பிவிடும்.

ஒரே சிக்கல், அறை வாசலில் இருந்த 2 செண்டிமீட்டர் தடுப்பு. 65 மில்லிமீட்டர் சக்கரம் தட்டுத்தடுமாறி ஏறினாலும் உருள்குண்டு முட்டி நின்றுவிடும். இன்னும் பெரிய சக்கரம் வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

“அங்க ஒரு சரிவுப் பலகை போட்டுடு கண்ணு. எனக்கும் கால் தடுக்காது” என்றார் அம்மா.

பலகை போட்டோம். மருந்து நேரத்துக்குப் போகிறது. அம்மாவும் கதவைப் பிடிக்காமல் வந்து போகிறார்.

வீட்டுக்கு ரோபோ செய்ய நினைப்பவர்கள், மோட்டார் வாங்கும் முன் வீட்டின் தரையை ஒருமுறை நடந்து பாருங்கள். முடிந்தால், பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு.